காணாத குத்து

நியூயார்க் நகரத்து யாங்கி ஸ்டேடியத்தில் ஒரே மனிதருக்கு மூன்று ஜூன் மாத இரவுகள் வாய்த்தன. 1930 ஜூன் 12-ஆம் தேதி இரவு, அவர் தரையில் விழுந்து துடித்துக்கொண்டே உலகக் கனரகப் பட்டத்தை அடைந்தார். 1936 ஜூன் 19-ஆம் தேதி இரவு, எவராலும் வெல்ல முடியாதென்று உலகம் நம்பியிருந்த ஒருவரை வென்றார். 1938 ஜூன் 22-ஆம் தேதி இரவு, 2 நிமிஷம் 4 வினாடியில் தாமே வீழ்ந்தார். அவர்தான் ஜெர்மானிய வீரரான மாக்ஸ் ஷ்மெலிங். முதல் இரவில் அவருக்கு வெற்றி தந்தது எதிரி செய்த பௌல். இரண்டாம் இரவில் வெற்றி தந்தது அவருடைய கண். மூன்றாம் இரவிலோ, தம்மை வீழ்த்தியது பௌலே என்று அவர் முறையிட்டார். அதிவேகமாக வரும் குத்தை வீரன் எப்படிக் காண்கிறான்? விதிக்குப் புறம்பான குத்து ஏன் குற்றமாகிறது? இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்று பலர் எண்ணுகிறார்கள். இவை ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

நாட்டு விவகாரங்களைப் பேசவேண்டிய பக்கத்தில் குத்துச் சண்டைக்கு என்ன வேலை என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். பலசாலிகள் இருவர் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மோதிக்கொள்ளும் இடத்தில் அந்தச் சட்டம் யாரைக் காக்கிறது, எப்படிக் காக்கிறது என்று ஆராய்வது பொதுவாழ்வில் ஈடுபட்ட எவருக்கும் வீண் வேலையாகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விளக்கு எரிவதைக் கண்டவுடன் ஒரு பொத்தானை அழுத்தும்படி ஒருவரிடம் சொன்னால், விளக்கு எரிந்ததற்கும் விரல் அழுத்தியதற்கும் இடையே வினாடியில் ஐந்தில் ஒரு பங்கோ, சற்று அதிகமோ கழிந்துவிடுகிறது. பயிற்சியால் இதை அற்ப அளவே குறைக்க முடியும். பல விளக்குகளில் எது எரிகிறதென்று தேர்ந்து அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டுமானால் நேரம் இன்னும் நீளும். முகம்மது அலியின் இடக்கை நேர்க்குத்தை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கருவி வைத்து அளக்கச் செய்தது. 16½ அங்குல தூரத்தை அவருடைய முஷ்டி வினாடியில் நூறில் 4 பங்கு நேரத்தில் கடந்தது. அலியைப் போன்றவர் அபூர்வமே. ஆயினும் சாதாரண வீரனுடைய குத்துக்குக்கூட, அது புறப்பட்டதைக் கண்டபின் விலகிக்கொள்ளலாம் என்றிருப்பவன் பெரும்பாலும் அடிபட்ட பிறகே விலகுவான்.

ஆயினும் தேர்ந்த வீரர்கள் குத்துகளிலிருந்து தப்புவதைப் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். அவர்களுக்குக் காலம் மெதுவாக நகர்கிறது என்று ரசிகர்கள் சொல்லுவதுண்டு. இது உண்மையல்ல என்றே தோன்றுகிறது. 2007-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரிசோதனையில், சிலரை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழச் செய்தார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவியில் எண்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறிக்கொண்டிருந்தன. காலம் உண்மையில் மெதுவாகியிருந்தால் அந்த எண்களை அவர்கள் படித்திருக்க வேண்டும். ஒருவராலும் முடியவில்லை. ஆனால் விழுந்த நேரத்தைப் பற்றிக் கேட்டபோது, உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிச் சொன்னார்கள். காலம் நீண்டது ஞாபகத்தில், கண்ணில் அல்ல.

அப்படியானால் வீரனைக் காப்பது எது? நமது தர்க்க சாஸ்திரம் பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று பிரித்துச் சொல்லுகிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவது அனுமானம். குத்துச் சண்டை வீரன் நெருப்பைக் கண்டு விலகுவதில்லை. புகையைக் கண்டே விலகுகிறான்.

அந்தப் புகை எதிரியின் தேகமெங்கும் இருக்கிறது. வலக்கையால் விடும் நேர்க்குத்து கையில் பிறப்பதன்று. பின்னங்காலின் குதிகால் திரும்புகிறது, இடுப்பு அதைத் தொடர்கிறது, பிறகு தோள், கடைசியாகத்தான் முஷ்டி. குதிகால் அசைவதற்கும் முஷ்டி வந்து சேர்வதற்கும் இடையே உள்ள அற்ப அவகாசமே வீரனுக்குக் கிடைக்கும் மூலதனம். வளைந்து வரும் குத்துக்கு முழங்கை சற்று முன்னதாக விலாவை விட்டு அகலும். எட்டிக் குத்துவதற்கு முன் உடலின் பாரம் முன்னங்காலுக்கு மாறும். முஷ்டிகளையே மாறி மாறிப் பார்ப்பவன் இவற்றைக் காணமாட்டான். மேலும், கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் க்ஷணத்தில் பார்வை மங்கிவிடுகிறது. ஆகவேதான் தேர்ந்தவர்கள் எதிரியின் முகத்திலோ மார்பிலோ பார்வையை நிறுத்திவிட்டு, கை கால்களின் அசைவைக் கடைக்கண்ணுக்கு விட்டுவிடுகிறார்கள். நுட்பமான உருவத்தைக் கண்டறிய நடுக்கண் வேண்டும். அசைவை உணரக் கடைக்கண்ணே போதும்.

1936-ஆம் ஆண்டின் கதை இதற்கு நல்ல திருஷ்டாந்தம். ஜோ லூயி என்னும் நீக்ரோ வாலிபர் அப்போது தோல்வியே அறியாதவர். அவரோடு மோத ஒப்புக்கொண்ட ஷ்மெலிங்குக்கு வயது முப்பதாகியிருந்தது. பந்தயம் கட்டியவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவரோ லூயியின் சண்டைகளைச் சினிமாப் படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தார். இடக்கை நேர்க்குத்தை விட்டபின் லூயி அந்தக் கையை முகத்துக்கு நேரே திருப்பாமல் சற்றுத் தாழவிட்டு இழுக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். கோதாவில் இறங்கியதும், அந்தக் கை தாழும் க்ஷணத்துக்காகக் காத்திருந்து, அதற்கு மேலாக வலக்கையைச் செலுத்தினார். நான்காம் சுற்றில் லூயி தரையில் விழுந்தார். பன்னிரண்டாம் சுற்றில் எழுந்திருக்கவில்லை. ஷ்மெலிங்கின் கண் லூயியின் கண்ணைவிட வேகமானதல்ல. எங்கே பார்க்க வேண்டுமென்று அது அறிந்திருந்தது, அவ்வளவே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். வீரன் அனுமானத்தை நம்பியே நிற்கிறான் என்றால், பொய்யான புகையைக் காட்டி அவனை ஏமாற்றலாமே! ஆம், ஏமாற்றலாம். தோளை மட்டும் அசைத்துக் குத்து வருவதுபோல் காட்டிவிட்டு வேறு குத்தை விடுவது இந்த வித்தையின் உயிர்நிலை. வயிற்றைப் பார்த்துவிட்டுத் தாடையில் குத்துகிறார்கள். இடக்கையால் மிரட்டி வலக்கையால் அடிக்கிறார்கள். இத்தகைய பாசாங்கை எந்த விதியும் தடுக்கவில்லை, ரசிகர்கள் மெச்சுகிறார்கள். அப்படியிருக்க, கச்சைக்குக் கீழே விழும் ஒரு குத்தை மட்டும் குற்றமென்று சொல்வானேன்? இரண்டும் எதிரி எதிர்பாராதவைதானே?

வக்கீல்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். நியாயஸ்தலத்தில் எதிர்க்கட்சி எந்தச் சாட்சியை எப்பொழுது கூண்டில் ஏற்றும் என்பது நமக்குத் தெரியாமலிருக்கலாம். ஏமாந்துபோனால் அது நம் சாமர்த்தியக் குறைவு. ஆனால் வழக்கில் எழாத ஒரு விஷயத்தைப் பற்றி, நமக்குத் தெரிவிக்காமலே தீர்ப்பு வாங்கிவிட்டால் அதைச் சாமர்த்தியம் என்பாருண்டோ? பாசாங்கு என்பது ஒப்புக்கொண்ட எல்லைக்குள் நடக்கும் ஏமாற்று. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய கடமை எதிரிக்கு உண்டு. அதற்கான வழியும் உண்டு. பௌலோ, எதிரி காவல் வைக்க வேண்டாமென்று விதியே உறுதி சொல்லிய இடத்தில் விழும் அடி.

இதைக் கருத்தில் கொண்டு விதிகளைப் படித்தால் அவற்றின் பொருள் துலங்கும். மனிதனுக்கு இருப்பது இரண்டு கைகள்; காக்க வேண்டியதோ தேகம் முழுவதும். உச்சந்தலை முதல் முழங்கால் வரை எங்கும் அடி விழலாமென்றால் எந்த அனுமானமும் பலிக்காது. ஆகவே விதி இலக்கைச் சுருக்குகிறது. இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் 1743-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், கீழே விழுந்தவனை அடிக்கலாகாது என்றும், இடுப்புக்குக் கீழே பிடிக்கலாகாது என்றும் கூறின. அவரோடு மோதிய ஒருவர் அதற்கு முன் இறந்துபோனார். அந்த வேதனையே அவரை விதி வகுக்கத் தூண்டியதென்பர். 1867-ஆம் ஆண்டில் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த 12 விதிகள் கையுறையையும், மூன்று நிமிஷச் சுற்றையும், ஒரு நிமிஷ ஓய்வையும், விழுந்தவன் எழப் பத்து வினாடி அவகாசத்தையும் அளித்தன. பிற்காலத்தில் இவை இன்னும் விரிந்தன. கச்சைக்குக் கீழே, பிடரியில், முதுகுப்புறத்தில் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் குத்துவது குற்றம். தலையாலும் முழங்கையாலும் மோதுவது குற்றம். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிப்பது குற்றம். ‘விலகு’ என்று மத்தியஸ்தர் சொன்னபின் அடிப்பதும் குற்றம். கூர்ந்து நோக்கினால், இவற்றில் பெரும்பாலானவை வீரனால் காண முடியாத இடத்திலோ, காணத் தேவையில்லையென்று அவன் நம்பிய நேரத்திலோ விழும் அடிகள். விதி அவனுக்கு மூன்றாவது கண்ணாக இருக்கிறது. பௌல் செய்கிறவன் அந்தக் கண்ணைக் குருடாக்குகிறான்.

முதல் இரவில் நடந்தது இதுவே. நான்காம் சுற்றில் ஜாக் ஷார்க்கி விட்ட குத்து கச்சைக்குக் கீழே விழுந்தது. ஷ்மெலிங் வலியால் சுருண்டு விழுந்தார். அடி விழுந்த இடத்தைப் பற்றி அதிகாரிகளுக்குள்ளேயே சந்தேகம் ஏற்பட்டு, கோதாவில் பெருங்குழப்பம் விளைந்தது. கடைசியில் ஷார்க்கியைத் தள்ளி, பட்டத்தை ஷ்மெலிங்குக்குக் கொடுத்தார்கள். எதிரியின் பௌலால் கனரகப் பட்டம் பெற்ற முதல் வீரர் அவரே. அடித்தவனைக் காணப் பணமளித்த ஜனங்கள் இதை ரசிக்கவில்லை. பின்னர் நியூயார்க் அதிகாரிகள், வீரர்கள் அடிவயிற்றுக் காப்பு அணிய வேண்டுமென்றும், கச்சைக்குக் கீழ் விழும் குத்தைக் காட்டி இனி வெற்றி கோரலாகாதென்றும் விதித்தார்கள். அடிபட்டதாகப் பாசாங்கு செய்து பட்டம் பெறும் வழி இதனால் அடைபட்டது.

மூன்றாம் இரவு இன்னும் சிக்கலானது. ஹிட்லரின் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் நடக்கும் போர்போல் உலகம் அந்தச் சண்டையை நோக்கியது. தம் இடக்கையின் குறையைத் திருத்திக்கொண்டு வந்த லூயி, தொடக்கத்திலேயே ஷ்மெலிங்கைக் கயிற்றோடு நெருக்கினார். மேற்கயிற்றைப் பற்றியபடி ஷ்மெலிங் உடலைத் திருப்பிய க்ஷணத்தில் லூயியின் குத்து அவருடைய பக்கவாட்டில் பின்புறமாக இறங்கி, முதுகெலும்பின் பக்க முனைகளை முறித்தது. அது சிறுநீரகத்தின்மீது விழுந்த பௌல் என்று ஷ்மெலிங்கின் தரப்பார் முறையிட்டார்கள். குத்து புறப்பட்டபோது விலா எதிரே இருந்தது. சேர்ந்தபோது முதுகு இருந்தது. புறப்பட்ட குத்தைத் திருப்பியழைக்கும் அவகாசம் லூயிக்கும் இல்லையல்லவா? எதிரியின் வேகத்தைக் காண முடியாத அதே கண்தான் அடிப்பவனுக்கும் இருக்கிறது. ஆகவே தற்செயலான பௌலையும் வேண்டுமென்றே செய்யும் பௌலையும் பிரித்துப் பார்க்க வேண்டியது நியாயமே. அன்றைய முடிவு மாறவில்லை. அவ்விருவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள்.

ஆனால் ஒரே பௌல் திரும்பத் திரும்ப நிகழும்போது, தற்செயல் என்ற சமாதானம் செல்லாது. 2015 அக்டோபர் 17-ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் பிரிச்சார்ட் கோலோன் என்னும் 23 வயது வீரர் சண்டையிட்டார். அதுவரை தோல்வியே காணாதவர். பிடரியில் அடி விழுகிறதென்று அவர் முறையிட்டார். அவரும் கச்சைக்குக் கீழே குத்திப் புள்ளி இழந்தார். பௌல் பௌலை வளர்க்கும் என்பதற்கு இது சான்று. ஏழாம் சுற்றில் பிடரிக் குத்துக்காக எதிரியின் புள்ளி ஒன்று குறைக்கப்பட்டது. சண்டை தொடர்ந்தது. ஒன்பதாம் சுற்றோடு அது முடிந்தபின், அவ்விரவே மூளையில் குருதிக் கசிவோடு கோலோன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 221 நாட்கள் நினைவற்றுக் கிடந்தார்; பழைய நிலைக்கு மீளவில்லை. எந்தக் குத்து எந்தச் சேதத்தை விளைத்ததென்று இங்கிருந்து தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஆனால் பிடரியில் விழும் அடியை உலகத்தின் தலைசிறந்த வீரனாலும் காண முடியாது. அங்கே புகையும் இல்லை, அனுமானமும் இல்லை. அந்த இடத்தைக் காக்க மத்தியஸ்தர் ஒருவரே உண்டு.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். பிடரிக் குத்தை, பின்னால் கழித்துக் கணக்குத் தீர்க்கும் புள்ளி விவகாரமாக மத்தியஸ்தர்கள் கருதலாகாது. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை தண்டனை, அதற்கு மேல் சண்டையை நிறுத்துவது என்னும் உறுதி வேண்டும். அடிபட்டவன் முறையிட்டால் அதைக் கோழைத்தனமாகக் கொள்ளாமல் சாட்சியமாகக் கொள்ள வேண்டும். ஏனெனில், வேகமான குத்தைக் காண்பதில் மத்தியஸ்தருடைய கண்ணும் மனிதக் கண்ணே. பயிற்சிக் கூடங்களில் முதல் குத்தைக் கற்பிக்கும் நாளிலேயே, எதைக் குத்தலாகாது, ஏன் குத்தலாகாது என்பதையும் கற்பிக்க வேண்டும். கயிற்றுக்கு வெளியே அமர்ந்து பௌலைக் கண்டு கைதட்டும் ரசிகர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

எதிரியை வெல்லும் உரிமை வீரனுக்கு உண்டு. எதிரி தன் முதுகை நம்பிக்கையோடு விட்டிருக்கிறான் என்பதை ஆயுதமாக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சட்டத்தை நம்பிக் காவல் வைக்காமல் விட்ட இடத்தைச் சட்டம் காக்கத் தவறினால், அப்புறம் அங்கே நடப்பதற்குச் சண்டை என்று பெயரிருக்கலாம். விளையாட்டு என்று பெயரில்லை.