உடனொளிர்வு: மூலக்கூறுகள் சொல்லும் சேதி

அறிவியல் கட்டுரை என்றதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த ஒரு முறை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், இக்கட்டுரை நம் தோலைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, கருத்த தோலைப் பற்றியது.

நாணயமாற்றுக் கடைகளில் பணத்தாளை ஊதா விளக்கின் கீழ் காட்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத எண்களும் கோலங்களும் அங்கே பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது அந்த மை. இதனையே ஆங்கிலத்தில் ஃபுளோரெசென்ஸ் என்பர். தமிழில் உடனொளிர்வு என்கிறோம்.

பெயர் பொருத்தமானதே. ஒளியை வாங்கிய மூலக்கூறு உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. ஒரு சிறு பகுதியை வெப்பமாக இழக்கிறது. மீதியை ஒளியாக உமிழ்ந்துவிட்டுக் கீழிறங்குகிறது. இவையெல்லாம் பெரும்பாலும் சில நானோவினாடிகளில், அதாவது வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில், முடிந்துவிடும். இடையில் ஆற்றல் இழந்துவிட்டதால், வெளிவரும் ஒளியின் அலைநீளம் உள்ளே சென்ற ஒளியைவிட நீளமாக இருக்கும். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கொய்னா கரைசலைக் கொண்டு இதனை ஆராய்ந்து எழுதினார். இந்த நிகழ்வுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவரும் அவரே. விளக்கை அணைத்த பின்னரும் நெடுநேரம் ஒளிர்வது வேறு வகை. அதனை நின்றொளிர்வு என்பர்.

ஆய்வுக்கூடத்தில்

நான் வேதியியல் முதுகலை ஆய்வு மேற்கொண்டபோது, தோலில் பூசும் மருந்தைச் சுமந்து செல்லக்கூடிய நுண்திரள்களைப் பற்றிப் படித்தேன். சவர்க்கார மூலக்கூறுகளை நீரில் கரைத்தால், ஒரு குறிப்பிட்ட செறிவுக்குமேல் அவை எண்ணெய் விரும்பும் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். எந்தச் செறிவில் திரள்கின்றன என்பதை அறிந்தால்தான் மருந்தை அவற்றுள் ஏற்ற முடியும்.

கண்ணால் பார்க்க முடியாத இந்தத் திரளை எப்படிக் கண்டறிவது? அதற்குப் பைரீன் என்னும் மூலக்கூறை ஒற்றராக அனுப்புகிறோம். பைரீனின் ஒளிர்வில் ஐந்து முகடுகள் உண்டு. ஏறத்தாழ 373 நானோமீட்டரில் முதல் முகடும், 384இல் மூன்றாவது முகடும் அமையும். பைரீன் நீரில் இருக்கும்போது முதல் முகடு ஓங்கி நிற்கும்; எண்ணெய்த்தன்மை உள்ள இடத்தில் புகுந்துகொண்டால் அது தாழ்ந்துவிடும். சவர்க்காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரு முகடுகளின் விகிதத்தை அளந்துகொண்டே வந்தால், ஓரிடத்தில் விகிதம் சட்டென்று சரியும். அதுவே திரள் உருவாகும் இடம். ஷாம்புவில் பயன்படும் சோடியம் டோடெசில் சல்ஃபேட்டுக்கு இது லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல் ஆகும்.

இம்முறையின் சிறப்பு அதன் நுண்மை. தைப்பூசத் திருவிழா வெளிச்சத்தில் ஓர் அகல்விளக்கு அணைந்தால் யாருக்கும் தெரியாது. இருண்ட வீட்டில் ஓர் அகலை ஏற்றினால் எல்லாருக்கும் தெரியும். உறிஞ்சுதலை அளக்கும் கருவி முன்னதைச் செய்கிறது. உடனொளிர்வுமானி பின்னதைச் செய்கிறது. அதனால்தான் உணரியை விளக்குக்கு நேர் எதிரே வைக்காமல், 90 பாகைக் கோணத்தில் வைக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கரைசல் அடர்த்தியாக இருந்தால், உள்ளே செல்லும் ஒளியையும் வெளியே வரும் ஒளியையும் அதுவே விழுங்கிவிடும். பொருள் அதிகமாக இருந்தும் ஒளி குறைவாகத் தெரியும். இதனை உள்வடிகட்டல் விளைவு எனலாம். வேதியியலாளருக்கு இதற்கு எளிய தீர்வு உண்டு: கரைசலை நீர்த்துவிட்டு மீண்டும் அளப்பார்.

தோலில்

நம் தோலிலும் இயற்கையாகவே ஒளிரும் பொருள்கள் உள்ளன. கொலாஜன் புரதம் நீலமாக ஒளிரும். சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் போர்ஃபிரின் சிவப்பாக ஒளிரும். ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடியைக் கொண்ட விளக்கு, 1925 முதல் தோல் மருத்துவத்தில் பயன்பட்டு வருகிறது. சுமார் 365 நானோமீட்டர் கதிரைத் தரும் இந்த 'வுட் விளக்கின்' கீழ், தேமல் மஞ்சள் சாயலில் ஒளிரக்கூடும். எரித்ராஸ்மா என்னும் தோல் தொற்று பவளச் சிவப்பாகத் தெரியும். வெண்படை நீலங்கலந்த வெண்மையாகப் பளிச்சிடும்.

வெண்படை ஏன் அப்படிப் பளிச்சிடுகிறது? அங்கே மெலனின் என்னும் நிறமி இல்லை. ஆகவே கதிர் தடையின்றி உள்ளே சென்று, கொலாஜன் முதலியவற்றின் ஒளிர்வு தடையின்றி வெளியே வருகிறது. நம் சமூகத்தில் வெண்படையைத் தொழுநோய் என்று தவறாக எண்ணி ஒதுக்கும் கொடுமை இன்னும் முற்றாக மறையவில்லை. வெண்படை தொற்றாது. விளக்கொளியில் தெரியும் பளிச்சிடலையும், படை உள்ள இடத்தில் தொடு உணர்ச்சி குன்றாமல் இருப்பதையும் கொண்டு மருத்துவர் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.

இப்போது அதையே திருப்பிப் பாருங்கள். மெலனின் இல்லாத தோல் பளிச்சிடும் என்றால், மெலனின் நிறைந்த தோல் மங்கலாகத்தானே தெரியும்? ஆம். கரைசலில் கண்ட உள்வடிகட்டல் விளைவு இங்கே நம் தோலில் நிகழ்கிறது. ஆனால் தோலை நீர்த்துப்போகச் செய்ய முடியாது!

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. நீரிழிவு உள்ளவர்களின் தோலில், சர்க்கரை படிந்த புரதச் சேர்மங்கள் கூடுதலாகச் சேர்கின்றன. அவற்றுள் சில ஒளிர்பவை. ஊசி குத்தாமல், முன்கையின் மேல் ஒளி பாய்ச்சி அவற்றை மதிப்பிடும் முறையை நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். கருத்த தோலில் இம்முறை உண்மையைவிடக் குறைந்த அளவையே காட்டியது. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்விலோ, இந்தியரிடையே நீரிழிவு மற்ற பெரிய இனத்தவரைவிட அதிகமாகக் காணப்பட்டது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அளவுகோல் சறுக்குகிறது.

ஒளியை நம்பும் பிற கருவிகளிலும் இக்குறை உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, உடலில் ஆக்சிஜன் குறைந்திருப்பதைத் தவறவிட்ட நிலை, வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரிடையே ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

வழி உண்டா?

உண்டு. முதலாவது, ஒளிர்வோடு தோல் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் சேர்த்து அளந்து, கணக்கில் திருத்தம் செய்வது. குரோனிங்கன் ஆய்வாளர்களே 2010இல் இத்தகைய திருத்த முறை ஒன்றை வெளியிட்டனர்.

இரண்டாவது, ஒளியின் அளவை விட்டுவிட்டு அதன் ஆயுளை அளப்பது. விளக்கின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினால் வெளிச்சம் குறையும். ஆனால் விளக்கு அணைய எடுத்துக்கொள்ளும் நேரம் மாறாது. மெலனினும் தானாகவே மங்கலாக ஒளிரும் என்பதால், அதைப் பிரித்தெடுக்க வேண்டிய வேலை மட்டும் கூடுதலாக உண்டு.

மூன்றாவது வழிக்குக் கருவி தேவையில்லை. எல்லா நிறத் தோலிலும் அளந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தோல் ஆய்வுக்குத் தன்னார்வலர் தேவை என்ற அறிவிப்பை வளாகத்தில் கண்டால், விவரம் கேட்டறிந்து, மனமிருந்தால் கலந்துகொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல், வேதியியல் படிக்கும் தம்பி தங்கையரே, ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுக்கும்போது 'இது யாருடைய தோலில் அளக்கப்பட்டது?' என்று முதலில் கேளுங்கள். விடை அந்தக் கட்டுரையில் இல்லை என்றால், உங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கான தலைப்பு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.