முதுகு வலிக்குக் கைரோபிராக்டிக்: சிகிச்சைக்குப் போகும் முன், படிப்பில் சேரும் முன்



கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது ‘கைரோபிராக்டிக் படிக்கலாமா?’ என்றும் கேட்கிறார்கள். மருத்துவ உதவிக்கு வருபவர்களும் செல்போன் வீடியோவைக் காட்டி, ‘இந்த மாதிரி ஒரு சொடுக்கில் என் இடுப்பு வலி போய்விடுமா?’ என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இந்த இதழில் விளக்கம் தருகிறோம்.

நம் ஊரில் இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. பெரியநாயக்கன்பாளையம் மில்லும் நூற்பு இயந்திரத் தொழிற்சாலையும் ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் சேர்ந்து வளர்ந்த ஊர். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவர், வார்ப்பு தூக்குபவர், தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண், மேட்டுப்பாளையம் ரோட்டில் தினமும் பைக் ஓட்டுபவர் என்று முதுகு வலி இல்லாத வீடு குறைவு. தொழுகையில் ருகூவுக்குக் குனிய முடியாமல் நாற்காலிக்கு மாறியவர்களில் நடுத்தர வயதினரும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும், குறிப்பிட்ட கோணத்தில் சட்டென்று தள்ளியும் செய்யும் சிகிச்சை இது. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் தொடங்கி வைத்தார். முதுகெலும்பு இடம் விலகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்துக்கு மருத்துவ ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் முதுகு, கழுத்து வலிக்கான கை சிகிச்சை என்ற அளவில் பல நாடுகளில் இது முறையான தொழிலாக வளர்ந்திருக்கிறது.

நமக்கும் கை வைத்தியம் புதிதல்ல. சுளுக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு நீவுவது, சித்த மருத்துவத்தின் வர்மமும் தொக்கணமும், ஆந்திராவின் புத்தூர் கட்டு என்று பல உண்டு. இவை வேறு, கைரோபிராக்டிக் வேறு. பெயரை மாற்றி போர்டு வைத்தால் ஒன்று மற்றொன்றாகி விடாது.

‘டக்’ என்ற சத்தம்

வீடியோவில் மக்களைக் கவர்வது அந்தச் சத்தம்தான். எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாவதால் வரும் சத்தம் அது. விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் இதே சத்தம்தான். சத்தம் வந்ததால் குணமானது என்றோ, வராததால் சிகிச்சை பலிக்கவில்லை என்றோ பொருளில்லை.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு வலிக்கு மருந்தில்லாத சிகிச்சைகளில் ஒன்றாக முதுகெலும்புக் கை சிகிச்சையைச் சேர்த்தது. ஒத்தடம், மசாஜ் ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலி குறித்த 2023 வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு கை சிகிச்சையையும் குறிப்பிட்டது. ஆக, சாதாரண இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு. அது மற்ற சிகிச்சைகளைவிடப் பெரிய அற்புதம் அல்ல. சர்க்கரை, ஆஸ்துமா, குழந்தையின் வயிற்று வலி இவற்றையெல்லாம் முதுகைத் தட்டிச் சரிசெய்வதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கீழ்க்கண்ட நிலைகளில் யாரிடமும் முதுகைக் கொடுக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்:

1. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடை நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், கால் பலமிழத்தல். இது அவசர நிலை. தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.
2. வலியோடு காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதல்ல.
3. முன்பு புற்றுநோய் இருந்தவர்கள்.
4. எலும்புத் தேய்மானம் உள்ள வயதானவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள்.
5. விழுந்த பிறகோ, விபத்துக்குப் பிறகோ தொடங்கிய வலி.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் கழுத்தெலும்பு வழியாகச் செல்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது, அரிதாக, அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். முடி வெட்டிய பிறகு சலூனில் தலையைப் பிடித்து இரு பக்கமும் முறிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். கர்நாடகத்தின் பெல்லாரியில் ஒரு இளைஞருக்கு இப்படிச் செய்த பின் பக்கவாதம் வந்த செய்தி 2024-ல் பத்திரிகைகளில் வெளியானது. தம்பிமார்களே, தலைக்கு எண்ணெய் மசாஜ் போதும். கழுத்தை முறிக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போர்டைப் பார்க்காதீர்கள், பட்டத்தைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியும். நம் நாட்டில் அப்படி ஒரு தனிப் பதிவு இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபிக்கு இடம் உண்டு. கைரோபிராக்டிக் தனித் தொழிலாக அதில் இல்லை. இதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் போர்டு மாட்டிவிட முடிகிறது.

ஆகவே சிகிச்சைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பட்டம் என்ன, எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு? எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள்? என் வலிக்குக் காரணம் என்ன என்று பரிசோதித்தீர்கள்? மூன்றாவதற்குப் பதில் சொல்லாமல் நேரே மேசையில் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். இருபது முறைக்கு முன்பணம் கட்டச் சொன்னாலும் அப்படியே. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பு என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. சிகிச்சை செய்பவருக்கு மட்டுமல்ல, அந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, புதிதாகச் சேரும் ஒருவர் கைரோபிராக்டர் ஆக குறைந்தது 4,200 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு என்றால் அதிகபட்சம் 16 மணி நேரம். இதை வைத்தே வார இறுதிச் சான்றிதழின் மதிப்பை நீங்கள் எடை போடலாம். நகையை அடகு வைத்து இப்படிப்பட்ட வகுப்புகளில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அந்தத் தாளை வைத்து இங்கும் பதிவு செய்ய முடியாது, வளைகுடாவிலும் உரிமம் வாங்க முடியாது.

முழுமையான கைரோபிராக்டிக் பட்டம் வேண்டுமென்றால் வெளிநாடுதான். நமக்கு அருகில் மலேசியாவில், கோலாலம்பூரிலுள்ள ஐ.எம்.யூ. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அந்த நாட்டின் 2016-ம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இத்தொழிலை அங்கீகரிக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு மேலும் நான்கு ஆண்டு, அதன் மேல் தேசியத் தேர்வு, மாநில உரிமம் என்று நீளும். செலவு பெரிது. ஊர் திரும்பினால் பதிவு செய்ய இடமில்லை என்பதையும் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

நாங்கள் பரிந்துரைக்கும் வழி பிசியோதெரபி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்கள் பி.பி.டி. சேரலாம். இதுவரை ஆறு மாதப் பயிற்சியோடு நாலரை ஆண்டுப் படிப்பு. தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டத்தில் இது ஐந்து ஆண்டாகிறது. சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன. எனவே சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எம்.பி.டி.யில் எலும்பு, மூட்டுப் பிரிவை எடுத்தால் கையால் மூட்டுகளைச் சரிசெய்யும் சிகிச்சையை முறையாகக் கற்கலாம். கைரோபிராக்டிக்கில் பிள்ளைகளை ஈர்ப்பது எதுவோ அதில் பெரும்பகுதி இங்கேயே கிடைக்கிறது.

கோவையிலேயே பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். ஆகியவற்றின் பிசியோதெரபி கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் அரசுக் கல்லூரி உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பலர் சான்றிதழ் இல்லாமல் இழக்கிறார்கள். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார், துதேகுலா பிரிவினர் இதில் வருகிறார்கள். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு சொல். ஆண் சிகிச்சையாளரிடம் முதுகைக் காட்டத் தயங்கி, வலியைப் பொறுத்துக்கொண்டே இருக்கும் தாய்மார்கள் நம் ஜமாஅத்தில் நிறைய. பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்பு வலியைக்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நம் தெருவில் இருந்தால் அந்தத் தயக்கம் தீரும். உயிரியல் படித்த மகளின் படிப்பைப் பிளஸ் டூவோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்போதே வலியால் துன்பப்படுபவர்கள் செலவுக்குப் பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். கோவை அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி கிடைக்கும். நடமாட முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பிசியோதெரபி சேர விரும்பும் மாணவ, மாணவியர் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நகல்களோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள். அங்கீகாரம் உள்ளதா என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.