செக்குக்குள்ளே என்னதான் நடக்குது?

கொட்டகைக்குள் காலை வைத்ததும் முதலில் வந்து மோதுவது வாசனைதான். எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்து அரைபடும் அந்த மணம், அப்பப்பா! ஐந்தே நிமிஷத்தில் சேலை, தலைமுடி, கையிலிருந்த நோட்டு எல்லாம் எள்ளுருண்டை வாசம். விருதுநகர் பக்கத்தில் ஒரு மரச்செக்கு இது. விலை உயர்ந்த ஃபேஸ் க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் ‘செசாமம் இண்டிகம் சீட் ஆயில்’ என்று சில சமயம் இருக்கும். அந்தச் சீமாட்டி வேறு யாருமில்லை, நம்ம வீட்டு நல்லெண்ணெய்தான். க்ரீமுக்குள் போவது பெரும்பாலும் நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரித்த எண்ணெய். இங்கே வழிவதோ மேக்கப் போடாத அசல்!

வாகை மர உரல், அதற்குள் சாய்ந்து சுற்றும் உலக்கை, அதை அழுத்திப் பிடிக்க ஒரு பாரம். மாட்டுக்குப் பதில் மோட்டார் வந்துவிட்டது, மற்றபடி பழைய ஏற்பாடேதான். புடைத்துக் காயவைத்த எள்ளைக் கொட்டினார் செக்குக்கார அண்ணன். ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார், கருப்பட்டியை உடைத்துப் போட்டார். ருசிக்காகவா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

“கருப்பட்டி போடலைன்னா எண்ணெய் எங்கிட்டும்மா பிரியும்?”

விஷயம் இதுதான். கருப்பட்டி ஈரத்தில் கரைந்து பிசுபிசுவென்று ஆகி, நசுங்கிய எள்ளுத் துகள்களை ஒன்றாகக் கட்டிப் பிடிக்கிறது. துகள் புண்ணாக்காக இறுக, எண்ணெய் தனியே கசிகிறது. சர்க்கரை எண்ணெயில் கரையாது என்பதால் இனிப்பெல்லாம் புண்ணாக்கோடு போய்விடும். மாடுகளுக்கு யோகம்.

முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. எள் பொடிந்தது, கறுத்தது, ராகிக் களி மாதிரித் திரண்டது, அவ்வளவுதான். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கம்பியால் ஓரத்தைக் கிளறிவிட்டார். திடீரென்று அந்தக் கறுப்புக்கு ஒரு மினுமினுப்பு! உலக்கை சுற்றிப் போன தடத்தில் பொன்னிறமாக ஒரு கோடு, அடுத்த சுற்றில் அது குட்டையாகத் தேங்கியது. நான் கத்தியேவிட்டேன். பக்கத்தில் புண்ணாக்கு அள்ளிக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பத்து கிலோ எள்ளுக்கு நாலு லிட்டர் சொச்சம் கிடைக்குமாம். புது எண்ணெய் கலங்கலாக இருக்கும். அண்டாவின் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டிச் சில நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். ஈரமும் குறையும், சீக்கிரம் சிக்கு வாடை வராது.

சரி, தோலுக்கு என்ன லாபம்? நல்லெண்ணெயில் பெரும்பங்கு இரண்டு கொழுப்பு அமிலங்கள்தான்: ஒலியிக், லினோலியிக். இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி. இதில் லினோலியிக் அமிலம், நம் தோல் தன் மேலடுக்கின் காப்புக்காகத் தயாரிக்கும் செராமைடுகளில் சேரும் பொருள். எண்ணெய் தடவியதும் உலர்ந்த மேல்தோலின் இடுக்குகள் நிரம்பித் தொடுவதற்கு வழவழப்பாகின்றன. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போவதும் குறைகிறது. அதனால் குளித்துத் துவட்டிய கையோடு, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவுவதுதான் புத்திசாலித்தனம். சீசமின், சீசமோலின் என்ற எள்ளுக்கே உரிய சரக்குகளும் வைட்டமின் ஈ-யும் எண்ணெய் கெடாமல் காவல் காக்கின்றன.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டிகளுக்கு ஒரு நல்ல செய்தி. 2000-ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், ஆறு வாரக் குழந்தைகள் 125 பேரை வைத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் எண்ணெய் தேய்க்காமல், மற்றவர்களுக்கு நான்கு வகை எண்ணெய்களைத் தேய்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சியிலும் தூக்கத்திலும் நல்லெண்ணெய்க்குத்தான் முதலிடம்! அதற்காக மூக்கிலும் காதிலும் ஊற்ற வேண்டாம் பாட்டி, மூக்கு வழியே நுரையீரலுக்குள் போனால் வம்பு.

வெயிலுக்கு நல்லெண்ணெயே போதும் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். சன்ஸ்கிரீன் செய்யும் வேலையை இது செய்யாது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் கை கால்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எள் ஒவ்வாமை நிஜமாகவே உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளை ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று சட்டம். முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒருநாள் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கிளம்பும்போது, கேட்காமல் இருக்க முடியவில்லை. “அண்ணே, இவ்வளவு எண்ணெய்க்கு நடுவுல இருக்கீங்க. நீங்க முகத்துக்கு என்ன போடுவீங்க?”

“பவுடர்தாம்மா,” என்றார்.