நாலும் விழுந்தது: நிஷாந்த்தின் கதை

சூலூர் வழியா பஸ்ல போறப்ப தேஜஸ் சத்தம் கேட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்காதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. அந்த தேஜஸ் பிறந்த அதே பெங்களூருவில் உருவாகி, ராணுவத்துக்குப் போய், சில வருஷத்துலயே கதை முடிஞ்சுபோன ஒரு விமானமும் உண்டு. பேரு நிஷாந்த். ஆளில்லாத சின்ன வேவு விமானம், டிஆர்டிஓவின் ஏடிஇ ஆய்வகம் செஞ்சது. எதிரி எங்க இருக்கான், நம்ம பீரங்கிக் குண்டு எங்க விழுதுன்னு மேலேருந்து கேமராவில் பார்த்துச் சொல்றதுதான் அதன் வேலை.

ராணுவம் தேவையைச் சொன்னது 1988இல். முதல் பறத்தல் 1995இல். 2011இல் பொக்ரான் பக்கம் கடைசிச் சோதனைகள். கணக்குப் போட்டா 23 வருஷம்!

டிசைன்ல சுவாரசியமான விஷயம், இதுக்குச் சக்கரமே கிடையாது. எல்லைப் பக்கம் ரன்வேயை எங்க தேடறது? அதனால டாட்ரா லாரி மேல ஒரு ஹைட்ரோ நியூமேட்டிக் லாஞ்சர். சுமார் 380 கிலோ எடையை 0.6 நொடியில் 45 மீ/வி வேகத்துக்குத் தள்ளிவிடும். முதல் வருஷ பிசிக்ஸ்தான், வகுத்துப் பாருங்க: 75 மீ/வி², அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைவிட ஏழரை மடங்கு. உள்ளே இருக்கிற கேமரா, சர்க்யூட் போர்டு எல்லாம் ஒவ்வொரு தடவையும் இந்த உதையை வாங்கணும்.

ஏத்தறதைவிட இறக்கறது கஷ்டம். சுமார் நாலரை மணி நேரம் பறந்தபிறகு பாராசூட் விரியும், வயித்துக்கடியில ஏர்பேக் உப்பும், பொத்துன்னு தரையில உட்காரும். பாராசூட் விரிஞ்சுட்டா விமானம் ஆபரேட்டர் பேச்சைக் கேக்காது, காத்து இழுத்த பக்கம் போகும். ஆடி மாசம் பல்லடம் பக்கம் காத்தாலை சுத்தறதைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். விபத்தெல்லாம் இறங்கறப்பதான் நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒழுங்கா முடிஞ்ச பயணம்கூட ஒரு விழுதலில்தான் முடியுது. அதுல அடிபட்டா அடுத்த பயணத்துக்கு முன்னாடி ரிப்பேர்.

ராணுவம் கேட்டது 12. வந்தது 4. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒண்ணொண்ணா விழுந்து, 2015 நவம்பரில் நாலாவதும் போச்சு. மீதி எட்டு வேண்டாம்னு ராணுவம் சொல்லிடுச்சு. இயக்கினவங்களுக்குப் பயிற்சி போதலைங்கிறது டிஆர்டிஓ தரப்பு. விமானமே நம்பற மாதிரி இல்லைங்கிறது ராணுவத் தரப்பு. எனக்கென்னமோ இந்தச் சண்டையைவிட அந்த 'நாலு'தான் பெரிய பிரச்சினைன்னு தோணுது. ஒண்ணு விழுந்தா கால்வாசிப் படை காலி. மிச்சத்தைப் பறக்கவிடக் கை நடுங்கும். பறக்கவிடலைன்னா ஆபரேட்டருக்குக் கை பழகாது.

இத்தனைக்கும் சக்கரம் வெச்ச நிஷாந்த்தும் தயாராத்தான் இருந்தது. 'பஞ்சி'ன்னு பேரு, ரன்வேயில ஓடி ஏறி இறங்கற மாதிரி. அது முதல்ல பறந்தது 2014 டிசம்பரில். அடுத்த பதினோரு மாசத்துல மூத்தது நாலும் மண்ணுல கிடந்தது.