ஏழு பேர் கொண்ட அணி

கூடைப்பந்து ஆட்டத்தைத் தொடங்க ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்கள் வேண்டும். அனைத்துலக விதிகளின்படி, அணியின் பட்டியலில் 12 பேர் வரை இடம்பெறலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பள்ளியில் அந்தப் பன்னிரண்டு இடங்களுக்குப் பலர் முன்வருவர். யாரை விடுவது என்பதே அங்குள்ள பயிற்றுநரின் கவலை. சிறிய பள்ளியிலோ நிலைமை வேறு. யாரைச் சேர்ப்பது என்பதே அங்குக் கவலை. ஏழு பேர் கிடைத்தால் அந்த ஏழு பேரே அணி. அவர்களைக் கொண்டே ஒரு போட்டிப் பருவத்தைத் தொடங்கி முடிக்க வேண்டும்.

ஜொகூர் மாநிலத்தில் பத்து மாவட்டங்கள் உள்ளன. ஜொகூர் பாரு போன்ற நகர்ப்புறங்களில் மாணவர் எண்ணிக்கை மிகுந்த பள்ளிகள் பல இருக்கின்றன. மெர்சிங், கோத்தா திங்கி, சிகாமட் போன்ற மாவட்டங்களில் செம்பனைத் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே சிறிய பள்ளிகளையும் காணலாம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இவ்விரு வகைப் பள்ளிகளும் ஒரே திடலில் சந்திக்கின்றன. பள்ளிகளுக்கிடையிலான போட்டி முதலில் மாவட்ட நிலையில் நடைபெறும். அடுத்து மாநில நிலை. அதற்கும் மேலே மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் தேசிய நிலைப் போட்டி. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் 15 வயதுக்குக் கீழ், 18 வயதுக்குக் கீழ் என்னும் பிரிவுகளில் களமிறங்குகின்றனர்.

2011ஆம் ஆண்டில் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை நம் நாட்டில் அறிமுகமானது. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு விளையாட்டிலாவது ஈடுபட வேண்டும் என்பது அதன் நோக்கம். சிறிய பள்ளிகளில் இக்கொள்கை வேறொரு வடிவம் பெறுகிறது. அங்கே ஒரே மாணவர் இரண்டு மூன்று விளையாட்டுகளில் பங்கேற்க வேண்டியிருக்கிறது.

இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை 180 மாணவர்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு படிவத்திற்குச் சராசரியாக 36 பேர் இருப்பர். முதல் மூன்று படிவங்களில் மொத்தம் 108 பேர். அவர்களுள் பாதிப் பேர் ஆண்கள் எனில், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்கள் அணிக்கு 54 பேரிலிருந்துதான் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த 54 பேரையே காற்பந்து, செப்பாக் தக்ரோ, பூப்பந்து, திடல்தடப் போட்டிகள் ஆகியவையும் நாடுகின்றன. உயரமாக இருக்கும் மாணவரை உயரம் தாண்டுதலுக்கும் அழைப்பர். வேகமாக ஓடுபவரைக் காற்பந்து அணியும் விடாது. எஞ்சியிருப்போரில் விருப்பமுள்ளவர்களே கூடைப்பந்து அணியாகின்றனர்.

பெண்கள் அணியை அமைப்பது இன்னும் கடினம். விருப்பம் இருந்தும் தயங்கி நிற்கும் மாணவிகள் உண்டு. மாலைப் பயிற்சி முடிந்து வீடு திரும்ப வண்டி வசதி இல்லாதவர்களும் உண்டு. ஆயினும், வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மாணவி எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி நாள்களிலேயே ஆடத் தொடங்கிய அவர், 19ஆம் வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றார். ஆசிய வாகையர் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை பங்கேற்ற அவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அணி அமைந்த பிறகு பயிற்சி தொடங்குகிறது. கூரையிட்ட ஆடுகளம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. பல பள்ளிகளில் கூடைப்பந்து ஆடுகளம் என்பது திறந்தவெளியில் உள்ள ஒரு சிமெண்டுத் திடல்தான். மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்தால் திடல் வழுக்கும். அன்றைய பயிற்சியும் நின்றுபோகும். ஆண்டிறுதியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை ஒட்டிய மாவட்டங்களை அதிகம் பாதிக்கும். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது பல பள்ளிகள் துயர் துடைப்பு மையங்களாயின. அத்தகைய காலங்களில் பந்தைத் தொடவே வழியிருக்காது. எனவே, வெயில் அடிக்கும் ஒவ்வொரு மாலையும் சிறிய அணிக்கு அரிய வாய்ப்பாகும்.

வசதிக் குறைவு கூடைப்பந்துக்குப் புதிதன்று. சொல்லப்போனால், இவ்விளையாட்டு ஒரு சிறிய வகுப்புக்காகவே உருவானது. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர் தம் மாணவர்களுக்குப் புதியதொரு விளையாட்டைத் தேடினார். வெளியே கடுங்குளிர்; உள்ளேயோ சிறிய கூடம். வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மேல்மாடத்தின் விளிம்பில் மாட்டி, அணிக்கு ஒன்பது பேராகப் பிரித்து, காற்பந்தைக் கொண்டு அவர்களை ஆடச் செய்தார். அந்த மாடத்தின் உயரம் பத்து அடி. இன்றும் வளையம் அதே உயரத்தில்தான், அதாவது 3.05 மீட்டரில், பொருத்தப்படுகிறது.

போட்டி நாளில்தான் ஆட்டக்காரர் எண்ணிக்கையின் வலிமை வெளிப்படுகிறது. அனைத்துலக விதிப்படி ஓர் ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக, மொத்தம் 40 நிமிடங்கள் நடைபெறும். ஐந்து இடங்கள், 40 நிமிடங்கள் எனில், ஓர் அணியினர் மொத்தமாக 200 நிமிடங்கள் ஆட வேண்டும். 12 பேர் அதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு 17 நிமிடங்களுக்கும் குறைவாகவே வரும். ஏழு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவர் 28 நிமிடங்களுக்கு மேல் ஓட வேண்டும். பெரிய பள்ளியின் ஆட்டக்காரர் ஓய்வெடுத்துப் புத்துணர்வோடு மீண்டும் இறங்கும் வேளையில், சிறிய பள்ளியின் ஆட்டக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே எதிரணியைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

களைப்பு தவறுகளுக்கு இட்டுச் செல்கிறது. கால்கள் நகர மறுக்கும்போது கைகள் நீளும். எதிராளியை இடிக்கவோ பிடிக்கவோ நேரும். ஒருவர் ஐந்து தவறுகள் செய்துவிட்டால் அந்த ஆட்டத்தில் மீண்டும் களமிறங்க முடியாது. பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஒருவர் வெளியேறினால் அவரிடத்தை நிரப்ப ஆள் உண்டு. ஏழு பேர் கொண்ட அணியில் மூவர் வெளியேறினால் நால்வரே மிஞ்சுவர். ஆனால், அத்துடன் ஆட்டம் நின்றுவிடாது. ஆட்டத்தைத் தொடங்கத்தான் ஐந்து பேர் கட்டாயம். தொடங்கிய பிறகு, ஆடத் தயாராக இருவர் இருக்கும்வரை அந்த அணி தொடர்ந்து ஆடலாம். தோல்வி நெருங்கினாலும் எஞ்சியோர் களத்தில் நிற்பதற்கு இவ்விதி இடம் தருகிறது.

இந்நிலையைப் புரிந்துகொண்ட பயிற்றுநர், சிறிய அணிக்கு வேறு வகையான பயிற்சியைத் தருகிறார். முதலாவது, கைகளை அடக்கி, கால்களை நகர்த்தித் தடுக்கும் பழக்கம். இதனால் தவறுகள் குறைகின்றன. இரண்டாவது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைவிட அதைக் கைமாற்றுவதில் கவனம். பந்து ஓடினால் ஆள் ஓட வேண்டியதில்லை. மூன்றாவது, எதிரணி தவறிழைக்கும்போது கிடைக்கும் தடையற்ற எறிதல். 4.6 மீட்டர் தொலைவிலிருந்து, யாரும் குறுக்கிடாத நிலையில் வளையத்தை நோக்கிப் பந்தை எறியும் வாய்ப்பு அது. அங்கே உயரமோ வேகமோ உதவாது. எத்தனை மாலைகள் எறிந்து பழகினோம் என்பதே உதவும். நான்காவது, ஒவ்வொருவரும் இரண்டு மூன்று இடங்களில் ஆடக் கற்றுக்கொள்ளுதல். ஏழு பேர் அணியில் ‘இது என் வேலையன்று’ என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இவ்வாறு ஆடி உலகப் புகழ் பெற்ற சிறிய பள்ளி ஒன்று உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள மைலன் உயர்நிலைப்பள்ளியில் 1954ஆம் ஆண்டு 161 மாணவர்களே பயின்றனர். அம்மாநிலத்தில் அப்போது பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவினை கிடையாது. 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே கோப்பைக்காக மோதின. மார்வின் வுட் என்னும் இளம் பயிற்றுநரின் வழிகாட்டலில் மைலன் அணி அவசரமின்றி, பொறுமையாக ஆடியது. இறுதியாட்டத்தில் அது சந்தித்த மன்சி சென்ட்ரல் பள்ளி பல மடங்கு பெரியது. அதற்குமுன் நான்கு முறை மாநில வாகையர் பட்டம் வென்றது. கடைசிப் பகுதியில் மைலனின் பாபி பிளம்ப் நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்னர், ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது அவர் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. மைலன் 32க்கு 30 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை அந்த இரவு மெய்ப்பித்தது.

ஆனால், அதே உத்தியை இன்று பின்பற்ற இயலாது. இன்றைய அனைத்துலக விதிப்படி, பந்தைக் கைப்பற்றிய அணி 24 விநாடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்த வழியில்லை. இந்தியானா மாநிலமும் பின்னாளில் மாணவர் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிகளைப் பிரித்துப் போட்டி நடத்தத் தொடங்கியது. சமமானவர்கள் மோதுவதே நியாயம் என்பது ஒரு சாராரின் கருத்து. பெரியவர்களோடு மோதினால்தான் சிறியவர்கள் வளர்வர் என்பது மற்றொரு சாராரின் கருத்து. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

மாவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே சிறிய பள்ளி தோற்றுவிடலாம். ஆனால், அத்துடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மாநில நிலைப் போட்டியில் பொதுவாக மாவட்ட அணிகள் ஆடுகின்றன. தேசிய நிலையில் மாநில அணிகள் ஆடுகின்றன. மாவட்ட அணிக்குரிய ஆட்டக்காரர்கள் பல பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவர். தோற்ற அணியிலிருந்தும் திறமையான ஒருவர் தேர்வாளரின் கண்ணில் படக்கூடும். இருபது புள்ளிகள் பின்தங்கிய நிலையிலும் ஓடிச் சென்று தடுக்கும் மாணவியை அவர்கள் கவனிக்கத் தவறுவதில்லை. மேலும், அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. திடலில் செலவிட்ட மாலைகள் அங்கேயும் கணக்கில் சேர்கின்றன.

ஐந்து பேரைக்கூடச் சேர்க்க முடியாத பள்ளிகளுக்கும் இப்போது ஒரு வழி பிறந்துள்ளது. மூவர் கூடைப்பந்து 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. இதில் ஒரு வளையமும் பாதி ஆடுகளமும் போதும். களத்தில் மூவர், மாற்று ஆட்டக்காரர் ஒருவர் என அணிக்கு நால்வர்தான். பத்து நிமிடங்களில் ஆட்டம் முடியும். அதற்குள் 21 புள்ளிகளை எட்டும் அணி உடனே வென்றுவிடும். முழு அணி அமைக்க இயலாத பள்ளியில் நான்கு மாணவிகள் சேர்ந்தால் இவ்வாட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

பருவம் முடிந்ததும் பெரிய பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே காத்திருப்பர். சிறிய பள்ளியில் படிவம் மூன்றை முடித்த இருவர் 15 வயதுப் பிரிவைக் கடந்தாலே அணி கலைந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே, அங்கே மூத்த மாணவர்களுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்துவிடுகிறது. படிவம் ஒன்றில் புதிதாகச் சேரும் மாணவர்களுள் பலர் கூடைப்பந்தைக் கையால் தொட்டே இராதவர்கள். அவர்களை அழைத்து, பந்தைத் தட்டவும் கைமாற்றவும் கற்றுக்கொடுப்பவர்கள் முந்தைய பருவத்தில் ஆடியவர்களே. கோப்பை கிடைக்காத ஆண்டிலும் அடுத்த ஆண்டுக்கான அணியை விட்டுச் செல்வதே சிறிய பள்ளி ஈட்டும் வெற்றியாகும்.