பதினெட்டு முடிந்தது, இனி யார் பொறுப்பு?

குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்குப் பிளஸ் டூ தேர்வும் பதினெட்டாவது பிறந்தநாளும் அடுத்தடுத்தே வருகின்றன. மற்ற வீடுகளில் அந்தக் கோடையில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று பெற்றோர் அலைவார்கள். இல்லத்துப் பிள்ளைக்கு அதோடு இன்னும் சில கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. எங்கே தங்குவது? சாப்பாட்டுக்கு என்ன வழி? காய்ச்சலில் படுத்தால் யாரைக் கூப்பிடுவது? சட்டப்படி அவர் இனி குழந்தை இல்லை. எனவே இல்லத்தில் இடமும் இல்லை.

பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் மட்டும் இந்த இல்லங்களில் இல்லை. தாயோ தந்தையோ இருந்தும் வறுமையால், நோயால், குடியால், குடும்பத் தகராறால் வந்து சேர்ந்தவர்கள் நிறைய. அப்படிப்பட்டவரிடம் “உன் வீட்டுக்குப் போய்க்கொள்” என்பது சுலபம். பத்து வருடமாக விடுமுறைக்கு மட்டும் போய்வந்த வீட்டில் அவருக்கு என்ன இடம் இருக்கும் என்று விசாரிப்பவர் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வயதினருக்காக ‘பிற்காப்பு’ என்ற ஏற்பாடு இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிறைந்து 21 நிறையாத, இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்குப் பண உதவியும் பிற உதவிகளும் செய்வதைப் பிற்காப்பு என்று வரையறுக்கிறது. சட்டத்தின் 46ஆவது பிரிவு பண உதவியைப் பற்றியது. 2016இல் வந்த மத்திய அரசின் மாதிரி விதிகள், விதிவிலக்கான சூழலில் இந்த உதவியை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம் என்கின்றன. ஆக, 23 வயது வரை கதவு திறந்திருக்கிறது.

விதிகளில் உள்ள பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் வீடுகள், தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, உயர்கல்விக்கு உதவி, வேலைவாய்ப்புக்கு ஏற்பாடு, சொந்தத் தொழில் தொடங்கக் கடன், தொடர்ந்து பேசவும் வழிகாட்டவும் ஓர் ஆலோசகர் என எல்லாம் அதில் உண்டு. பிள்ளை வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே அடுத்து என்ன என்ற திட்டம் எழுத்தில் தயாராக வேண்டும் என்பதும் விதி.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 46ஆவது பிரிவின்படி இந்த உதவி ‘வழங்கப்படலாம்’. வழங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் ஒரு மாவட்டத்தில் ஆர்வமுள்ள அதிகாரி இருந்தால் நடக்கிறது. இல்லாவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கிறது. கேட்கத் தெரிந்த பிள்ளைக்குக் கிடைக்கிறது. கேட்கலாம் என்பதே தெரியாத பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

மாதம் 4,000 ரூபாய்

மத்திய அரசின் ‘மிஷன் வத்சல்யா’ திட்டத்தில் பிற்காப்புக்கு ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 48,000. அரசுக் கல்லூரியில், அரசு விடுதியில் இடம் கிடைத்தவருக்கு இது கைகொடுக்கும். சென்னையிலோ கோவையிலோ அறை எடுத்துத் தங்கி வேலை தேடுபவருக்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போதாது.

வாடகைக்கு முன்னால் அட்வான்ஸ் என்ற மலை நிற்கிறது. பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். நடைமுறையில் அதற்கு மேல் கேட்பவர்கள் எத்தனையோ பேர். பணத்தைப் புரட்டினாலும் வீட்டுக்காரரின் கேள்விகள் காத்திருக்கின்றன: “சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்? பெரியவங்க யாராவது வந்து பேசுவாங்களா?” இதற்கு உண்மையைச் சொன்னால் வீடு கிடைப்பதில்லை.

23 வயது வரை தாங்கிப் பிடிப்பது அரசுக்குப் புதிதல்ல. கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021இல் அறிவிக்கப்பட்ட பி.எம். கேர்ஸ் திட்டத்தில், 18 முதல் 23 வயது வரை மாத உதவித்தொகையும் 23 வயதில் 10 லட்சம் ரூபாயும் உண்டு. படித்து முடித்து ஒருவர் காலூன்ற அத்தனை காலம் ஆகும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? வேறு காரணத்தால் பெற்றோரை இழந்தவருக்கும் அதே காலம்தான் ஆகும்.

பணத்தால் தீராதவை

இல்லத்தில் நூறு பேருக்கு ஒரே அடுக்களை. காய்கறி மூட்டையாக வரும்; சோற்றைப் பெரிய அண்டாவில் வடிப்பார்கள். சோப்பும் நோட்டும் கணக்குப் பார்த்துக் கையில் தரப்படும். எழுவதும் சாப்பிடுவதும் படிப்பதும் மணியடித்து நடக்கும். பாதுகாப்பாக வளர்க்க இது தேவையாக இருக்கலாம். ஆனால் இங்கே வளர்ந்தவருக்குக் கால் கிலோ தக்காளி என்ன விலை, ஒருவருக்கு எத்தனை டம்ளர் அரிசி, ஏ.டி.எம்.மில் எப்படிப் பணம் எடுப்பது, சம்பளத்தை மாதம் முழுக்க எப்படி நீட்டுவது என்பதெல்லாம் பதினெட்டில் திடீரென வந்து மோதுகின்றன.

வீட்டில் வளரும் பிள்ளை கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கியே இதைக் கற்றுக்கொள்கிறது. ஆகவே பயிற்சியைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே தொடங்க வேண்டும். சிறு தொகையைத் தந்து செலவை அவர்களையே எழுதச் சொல்வது, சமைக்கவும் தனியாகப் பேருந்தில் போய்வரவும் விடுவது, வங்கிக்கும் மருத்துவமனைக்கும் கூடவே அழைத்துப் போவது போன்றவற்றுக்கு அதிகச் செலவு ஆகாது.

அடுத்தது சான்றிதழ்கள். ஆதாரில் இல்லத்தின் முகவரி, பள்ளிச் சான்றிதழில் வேறொரு எழுத்தில் பெயர், ரேஷன் அட்டையில் பெயரே இல்லை என்ற நிலையில் பலர் வெளியே வருகிறார்கள். சாதிச் சான்றிதழ் பெற முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள ஆளின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த குழந்தைகளைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கான சான்றிதழைப் பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். வெளியேறிய பிறகு தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைத் தேடவைப்பது பெரும்பாடு.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஆள்துணை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்லூரி விடுதியைப் பூட்டும்போது எங்கே போவது என்பது இவர்கள் ஆண்டுதோறும் சந்திக்கும் சிக்கல். ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், வெளியேறும் ஒவ்வொருவருக்கும் முடிந்தவரை குறிப்பிட்ட ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்கின்றன. இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் 25 வயது வரை தனி ஆலோசகரின் உதவியைக் கேட்கலாம். அமெரிக்காவில் 18 வயதை எட்டியபோது அரசுப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு 26 வயது வரை அரசு மருத்துவக் காப்பீடு உண்டு.

நம் சட்டத்தில் இன்னொரு விடுபடலும் இருக்கிறது. இல்லங்களை விடக் குடும்பச் சூழலே நல்லது என்று, பிள்ளையை வேறொரு குடும்பத்தில் வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பை அரசு ஊக்குவிக்கிறது. ஆனால் சட்டத்தின் பிற்காப்பு வரையறை இல்லங்களிலிருந்து வெளியேறுபவர்களை மட்டுமே குறிப்பிடுகிறது. வளர்ப்புக் குடும்பத்தில் இருந்து பதினெட்டைத் தொடுபவரையும் அதில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் பிற்காப்புக்கான முதல் வாசல். இல்லத்தில் இருப்பவருக்காக நன்னடத்தை அலுவலரோ குழந்தைகள் நல அலுவலரோ முன்கூட்டியே பரிந்துரைக்க வேண்டும். வெளியே வந்துவிட்டவரும் 21 வயது நிறையாதவரை நேரில் சென்று கேட்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதையும் விட்டுவிடக் கூடாது.

பிற்காப்பை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் உரிமையாக்குவது அரசின் வேலை. நம்மால் முடிந்ததும் இருக்கிறது. பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் போய் ஒரு வேளைச் சாப்பாடு போடும் நல்ல பழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த முறை போகும்போது, இந்த ஆண்டு வெளியேறப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். ஒருவருக்கு வேலைக்குச் சொல்லிவிடலாம். ஒருவருக்கு வீட்டுக்காரரிடம் பெரியவராக வந்து பேசலாம். அந்த உதவி ஒரு வேளைச் சாப்பாட்டை விட நெடுநாள் நிற்கும்.