வாளியில் வளராத பூசணம்

மட்கிய எரு ஒரு கிலோவைத் துணியில் முடிந்து, பத்து லிட்டர் நீரில் ஒருநாள் ஊறவிட்டு, அவ்வப்போது கலக்கினால் எருச்சாறு தயார். கரையும் சத்துகளும் நுண்ணுயிர்களும் அதில் இறங்கிவிடுகின்றன. அதைச் செடிகளின் அடியில் ஊற்றலாம். ஆனால் மண்ணுக்கு நன்மை செய்யும் எல்லாப் பூசணங்களையும் இப்படி வாளியில் பெருக்க முடியுமா? முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டில் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. நாம் இடும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிவிடுகிறது. கரைந்திருக்கும் சிறிதளவும் மண்ணில் மிக மெல்லவே நகர்கிறது. வேர்த்தூவிகள் எட்டுவதோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரந்தான். அங்குள்ள சத்து தீர்ந்ததும், அருகிலேயே சத்து இருந்தும் செடி பட்டினி கிடக்கிறது! உரத்துக்குச் செலவிட்ட பணமும் மண்ணில் முடங்குகிறது.

இங்கேதான் வேர் உட்பூசணம் உதவுகிறது. அது வேரின் செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது. முடியினும் மெல்லிய இழைகளை வெளியே பல சென்டிமீட்டர் தூரம் பரப்பி, மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. கைம்மாறாகச் செடி, தான் தயாரித்த சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. வேரும் பூசணமும் கூடி வாழும் இத்தகைய அமைப்புக்கு 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலார் ஃபிராங்க் ‘மைக்கோரைசா’, அதாவது ‘பூசணவேர்’ என்று பெயரிட்டார்.

டிரைக்கோடெர்மா என்ற பூசணம் மட்கும் பொருள்களைத் தின்று வாழும். அதை எருவிலேயே பெருக்கலாம். வேர் உட்பூசணத்துக்கோ உயிருள்ள வேர் வேண்டும். ஆகவே கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறையில், வெர்மிகுலைட் நிரப்பிய குழியில் தாய்ப்பூசணத்தை இட்டு, மக்காச்சோளம் விதைக்கிறார்கள். 60 நாள்கள் வளர்ந்தபின் வேர்களை வெட்டி, அவை கலந்த வெர்மிகுலைட்டைப் பூசண உரமாகப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். நெடுநாள் புல் வளர்ந்த இடத்து மண்ணைத் தொட்டியில் இட்டு, மக்காச்சோளம் வளர்த்து, 60 நாள்களில் வேர்களை நறுக்குங்கள். அதில் பாதியை நீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஆவியில் வேகவைத்து ஆறிய மண் நிரப்பிய இரு தொட்டிகளில், ஒன்றில் பச்சை வேரையும் மற்றதில் கொதித்த வேரையும் கலந்து, சின்ன வெங்காயம் நடுங்கள். எது செழிக்கிறது என்று குறித்து வாருங்கள். வெங்காயத்துக்குப் பதில் முட்டைக்கோசு நட்டால் பயனில்லை. அந்தக் குடும்பச் செடிகள் இப்பூசணத்தை ஏற்பதில்லை.

மணிச்சத்து உரம் மிகுந்தாலும், அடிக்கடி கொத்திக் கிளறினாலும் இந்தக் கூட்டுறவு குலையும். எருச்சாறு ஊற்றுவதோடு நின்றுவிடாமல், தோட்டத்தில் எப்போதும் ஏதேனும் ஒரு செடியின் வேர் உயிரோடிருக்கச் செய்வதே இப்பூசணத்துக்கு நாம் இடும் உணவு.